மருத்துவர் பதில்கள்: செப்சிஸும் தீவிர சிகிச்சையும்

தீவிர சிகிச்சைப் பிரிவு பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ‘செப்சிஸ்’ என்ற ஒரு சொல்லைச் சுற்றியே இருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒரு கடிதத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். குறிப்பிட்ட ஒரு நோயாளிக்கு எந்த மருந்து, எந்த அளவு என்பதை இந்தப் பக்கத்தில் சொல்ல இயலாது. அதை நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: சிறுநீர்த் தொற்று என்றுதான் என் மாமனாரை மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் இறந்துவிட்டார். சான்றிதழில் ‘செப்டிக் ஷாக்’ என்று எழுதியிருக்கிறார்கள். உறவினர்களோ ‘ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? (வாசகி, கரூர்)

பதில்: ரத்தத்தில் விஷம் என்ற பேச்சு வெறும் அறியாமையால் வந்ததன்று. செப்சிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கே அழுகுதல் என்றுதான் பொருள். கிருமி ரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவி நஞ்சூட்டுகிறது என்றுதான் மருத்துவர்களும் நெடுங்காலம் எண்ணி வந்தார்கள். இன்றைய விளக்கம் வேறு. 2016இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று வகுத்த வரையறையின்படி, கிருமித்தொற்றை எதிர்க்க உடல் மேற்கொள்ளும் போராட்டம் கட்டுப்பாட்டை இழந்து, உடலின் சொந்த உறுப்புகளையே செயலிழக்கச் செய்து, உயிருக்கு ஆபத்தாக முடிவதுதான் செப்சிஸ். தொற்று சிறுநீர்ப் பையில் இருக்கலாம், நுரையீரலில் இருக்கலாம், காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணில் இருக்கலாம்; ஆனால் பழுதாவது சிறுநீரகமும் ஈரலும் மூளையும் ரத்தக் குழாய்களும். குழாய்கள் தளர்ந்து விரிந்து, போதிய திரவம் ஏற்றிய பிறகும் மருந்தின் துணையில்லாமல் ரத்த அழுத்தம் நிற்காத நிலையும், திசுக்களுக்குப் போதிய ரத்தம் போகவில்லை என்பதைக் காட்டும் லாக்டேட் என்ற பொருளின் உயர்வும் சேர்ந்தால் அதுவே செப்டிக் ஷாக்.

ஆகவே ‘சிறுநீர்த் தொற்றுக்குச் சேர்த்தோம், வேறு எதிலோ இறந்தார்’ என்று நீங்கள் குழம்ப வேண்டியதில்லை. தொற்றும் ஷாக்கும் ஒரே நோயின் இரண்டு கட்டங்கள். முதியவர்களுக்குப் பல நேரங்களில் காய்ச்சல்கூட வராது. சாப்பாட்டில் விருப்பமின்மை, சம்பந்தமில்லாத பேச்சு, மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல் என்றுதான் தொடங்கும். வீட்டில் அதை ‘வயதாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்வோம். உலக அளவில் 2017ஆம் ஆண்டில் மட்டும் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020இல் வெளியான ஒரு பெரும் ஆய்வு மதிப்பிட்டது. அந்த ஆண்டு உலகில் நிகழ்ந்த மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இது. அப்படியிருந்தும், ‘மாரடைப்பில் போனார்’ என்று சொல்வதைப் போல ‘செப்சிஸில் போனார்’ என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. நிமோனியாவில் போனார், கால் புண்ணில் போனார் என்றுதான் சொல்கிறோம்.

கேள்வி: பிளட் கல்ச்சரில் கிருமி எதுவும் இல்லை என்று வந்தது. பிறகு எப்படிச் செப்சிஸ் என்கிறார்கள்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நோயாளியின் ரத்தத்தை ஆய்வகத்தில் ஓர் ஊடகத்தில் வைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதுதான் கல்ச்சர். அதில் கிருமி வளராதவர்களும் செப்சிஸ் நோயாளிகளில் கணிசமாக உண்டு. ரத்தம் எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாட்டிக் ஏறியிருக்கலாம். கிருமி ரத்தத்தில் இல்லாமல் நுரையீரலிலோ வயிற்றிலோ மட்டும் இருக்கலாம். அந்த ஊடகத்தில் வளராத கிருமியாகவும் இருக்கலாம். மேலே சொன்ன வரையறை உறுப்புகளின் நிலையை வைத்து அமைந்தது. ரத்தத்தில் கிருமி அகப்பட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

கேள்வி: ‘ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் உயிர் போகும்’ என்று ஒரு காணொளியில் கேட்டேன். அப்படியானால் காய்ச்சல் வந்தவுடனே எல்லோருக்கும் ஊசி போட்டுவிடலாமே? (வாசகர், ஈரோடு)

பதில்: அந்தக் கூற்றுக்குப் பின்னால் உண்மை இருக்கிறது, ஆனால் முழுமையாக இல்லை. ரத்த அழுத்தம் சரிந்துவிட்ட நோயாளிகளிடம், ஏற்ற ஆன்டிபயாட்டிக் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எங்கும் எடுத்துச் சொல்லப்படும் எண் அதுதான். அது ஷாக் நிலையில் இருந்தவர்களைப் பற்றியது என்ற விவரம் மட்டும் வழியில் உதிர்ந்துவிட்டது.

நேரத்தைச் சட்டமாகவே ஆக்கிய இடம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம். ரோரி ஸ்டாண்டன் என்ற 12 வயதுச் சிறுவன் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் விழுந்து கையில் சிராய்த்துக்கொண்டான். மறுநாள் காய்ச்சல், வாந்தி, கால் வலி. வயிற்றுக் கோளாறு என்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டான். 2012 ஏப்ரல் 1 அன்று செப்சிஸால் இறந்துபோனான். அவனுடைய பெற்றோரின் முயற்சியால், செப்சிஸைக் கண்டறிந்து சிகிச்சை தர எழுத்து வடிவில் நெறிமுறை வைத்திருக்க வேண்டும் என்று 2013இல் அம்மாநில மருத்துவமனைகள் கட்டாயப்படுத்தப்பட்டன. அதன் பயனாகச் சேர்ந்த தரவுகளில் 149 மருத்துவமனைகளின் 49,331 நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. ஆன்டிபயாட்டிக் தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் மரண வாய்ப்பு உயர்ந்தது. ஆனால் 2006ஆம் ஆண்டின் எண்ணைவிட மிகச் சிறிய அளவில், ஏறத்தாழ 4 சதவீதம் என்ற கணக்கில்தான். இன்னொன்றும் அதில் இருந்தது: முதல் சலைன் ஏறி முடிந்த நேரத்துக்கும் மரணத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை.

இவற்றையெல்லாம் எடைபோட்டு 2021இல் வந்த பன்னாட்டு வழிகாட்டி, ஷாக் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தர வேண்டும் என்றது. ஷாக் இல்லை, செப்சிஸ்தானா என்பதும் உறுதியில்லை என்றால், வேகமாக ஆராய்ந்து, சந்தேகம் நீடித்தால் மூன்று மணி நேரத்துக்குள் தரலாம் என்றது. அந்த மூன்று மணி நேரம் சோம்பேறித்தனத்துக்கான சலுகையன்று; மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு இருப்பது நிமோனியாவா இதயக் கோளாறா என்று பிரித்தறிவதற்கான அவகாசம். காய்ச்சல் வந்த எல்லோருக்கும் ஊசி போட்டால், டெங்கு நோயாளிக்குப் பயனில்லாத மருந்து ஏறும். ஊரில் உள்ள கிருமிகளுக்கு அந்த மருந்தை எதிர்க்கும் பயிற்சி கிடைக்கும். நாளை உண்மையான செப்சிஸோடு வருபவருக்கு அது பலிக்காது.

கேள்வி: என் அண்ணன் ஐ.சி.யு.வில் இருந்தபோது முதல் நாள் மட்டும் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். பிறகு சலைனை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்கள். ‘தண்ணீர் அதிகமாகிவிடும்’ என்றார்கள். பிரஷர் குறைவாக இருப்பவருக்கு ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டாமா? சிக்கனம் பார்த்தார்களோ என்று இன்னும் உறுத்துகிறது. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உங்கள் உறுத்தலுக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். தீவிர சிகிச்சை ஆய்வுகளில் கடந்த இருபது ஆண்டுகளில் எங்களை அதிகமாகத் திருத்தியது இந்தச் சலைன் பாட்டில்தான்.

2001இல் டெட்ராய்ட் நகரின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் இமானுவேல் ரிவர்ஸ் என்ற மருத்துவர் நடத்திய ஆய்வு வெளிவந்தது. 263 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு முதல் ஆறு மணி நேரத்தில் திரவம், ரத்தம், அழுத்தத்தை உயர்த்தும் மருந்து ஆகியவற்றைக் கழுத்து நரம்பில் பொருத்திய குழாயின் அளவீடுகளைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 46.5 சதவீதத்தினரும், இந்தப் பிரிவில் 30.5 சதவீதத்தினரும் இறந்தனர். உலகமே அந்த முறைக்கு மாறியது. நானும் பயிற்சிக் காலத்தில் அந்த முறையின் அட்டவணையை மனப்பாடம் செய்தவன்தான். பிறகு 2014, 2015ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஆகிய இடங்களிலிருந்து மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன. மொத்தம் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். மூன்றிலும் வேறுபாடு இல்லை. முதல் ஆய்வு பொய் என்று இதற்குப் பொருளில்லை; இடைப்பட்ட காலத்தில் வழக்கமான சிகிச்சையே விரைவானதாகவும் விழிப்பானதாகவும் மாறிவிட்டிருந்ததால், அட்டவணையால் கூடுதல் பயன் கிடைக்கவில்லை என்றுதான் பலரும் கருதுகிறார்கள்.

அதற்கு முன்பே, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு செய்தி எங்களில் பலரால் நம்ப முடியாததாக இருந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியா மருத்துவமனைகளில் கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3,141 குழந்தைகளிடம் கேத்ரின் மெய்ட்லண்ட் தலைமையில் நடந்த ஆய்வு அது, 2011இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் கலந்த திரவமும், இன்னொரு பிரிவுக்குச் சலைனும் வேகமாக ஏற்றப்பட்டன. மூன்றாம் பிரிவுக்கு அந்த வேக ஏற்றம் கிடையாது. 48 மணி நேரத்தில் முதல் இரு பிரிவுகளில் 10.6, 10.5 சதவீதக் குழந்தைகளும், வேகமாக ஏற்றாத பிரிவில் 7.3 சதவீதக் குழந்தைகளும் இறந்தனர். மற்ற சிகிச்சைகள் மூன்று பிரிவுக்கும் ஒன்றுதான். உயிர் காக்கும் என்று பாடநூல்கள் கற்றுத்தந்த ஒன்று, வென்டிலேட்டர் வசதி இல்லாத அந்த மருத்துவமனைகளில் உயிர்களைக் கூடுதலாகப் பறித்திருந்தது. (வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. இதைப் படித்துவிட்டு வயிற்றுப்போக்குக் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலை நிறுத்திவிட வேண்டாம்.) 2017இல் ஜாம்பியாவின் லுசாக்காவிலிருந்து, பெரும்பாலும் எச்.ஐ.வி. தொற்று உள்ள பெரியவர்களிடம் நடந்த ஆய்வும் அதே திசையில் நின்றது: ஆறு மணி நேரத்தில் திரவம் கூடுதலாகப் பெறும் முறைப்படி சிகிச்சை பெற்றவர்களில் 48.1 சதவீதமும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 33 சதவீதமும் இறந்தனர்.

வசதி மிக்க நாடுகளில் நிலைமை இவ்வளவு கூர்மையாக இல்லை. 2022இல் ஐரோப்பாவிலும் 2023இல் அமெரிக்காவிலும், தொடக்கத்தில் ஓரளவு திரவம் பெற்றுவிட்ட நோயாளிகளுக்கு அதன் பிறகு குறைவாகத் தருவதா, தாராளமாகத் தருவதா என்று தலா ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரிடம் ஒப்பிட்டார்கள். மரண எண்ணிக்கையில் வேறுபாடில்லை. ஆக, உங்கள் அண்ணனுக்கு முதல் நாளுக்குப் பிறகு சலைனைக் குறைத்தது ஆய்வுகள் அனுமதிக்கும் முடிவுதான். தளர்ந்து கசியும் குழாய்களுக்குள் ஊற்றிய நீர் வெகுநேரம் அங்கே தங்குவதில்லை. நுரையீரலிலும் கை கால்களிலும் இறங்குகிறது. ரத்த அழுத்தம் சரியாமல் தாங்க அந்த நிலையில் நார்அட்ரினலின் என்ற மருந்தைச் சிறு பம்பில் வைத்துத் துளித்துளியாகச் செலுத்துகிறோம். படுக்கையருகே நிற்பவர் கண்ணுக்குப் பெரிய பாட்டில் போய்ச் சிறிய ஊசிக்குழாய் வந்திருப்பதுபோல் தெரியும். சிக்கனம் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. மஞ்சள் நிறத்தில் வைட்டமின் கலந்த பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் நடக்கிறது என்று நம்பவைத்த பழியில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு.

எப்போது ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதை அறிய ஒரு எளிய வழியை அர்ஜென்டினா, சிலி, கொலம்பியா, ஈக்வடார், உருகுவே நாடுகளின் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வகத்தில் பயன்படும் கண்ணாடித் தகடு ஒன்றை நோயாளியின் ஆள்காட்டி விரல் நுனியில் வைத்துத் தோல் வெளுக்கும்வரை அழுத்தி, பத்து விநாடிகள் அப்படியே பிடித்து, கையை எடுத்ததும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மூன்று விநாடிக்குள் பழைய நிறம் திரும்பினால் ரத்த ஓட்டம் போதும், திரும்பாவிட்டால் போதாது. அரை மணிக்கொரு முறை இதைச் செய்து சிகிச்சையை நடத்திய பிரிவில் 34.9 சதவீதமும், லாக்டேட் பரிசோதனையை வைத்து நடத்திய பிரிவில் 43.4 சதவீதமும் 28 நாளில் இறந்தனர். 2019இல் வெளியான அந்த ஆய்வில் இருந்தவர்கள் 424 பேர்தான் என்பதால் இந்த வேறுபாட்டைப் புள்ளியியல் உறுதியாக ஏற்கவில்லை. ஆனால் விலையுயர்ந்த பரிசோதனைக்கு விரல் நுனி எவ்வகையிலும் குறைந்து போகவில்லை. இப்போது எங்கள் பிரிவில் செவிலியர்களின் மேலங்கிப் பையில் ஒரு கண்ணாடித் தகடு இருக்கும்.

கேள்வி: செப்சிஸுக்கென்றே மருந்து ஏன் இன்னும் வரவில்லை? வைட்டமின் சி ஊசியால் குணமாகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மருந்து வந்தது, பத்தாண்டுகள் இருந்தது, போய்விட்டது. ரத்தம் உறைவதையும் அழற்சியையும் கட்டுப்படுத்தும் இயற்கைப் புரதம் ஒன்றின் ஆய்வகப் பிரதியான அந்த மருந்தின் வணிகப் பெயர் சைக்ரிஸ். 1,690 பேரிடம் நடந்த ஆய்வில் மரணம் 30.8 சதவீதத்திலிருந்து 24.7ஆகக் குறைந்தது என்று கண்டு, 2001இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. விலை மிக அதிகம். ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. செப்டிக் ஷாக் நோயாளிகளிடம் மீண்டும் சோதித்தபோது பயன் எதுவும் தெரியவில்லை என்று தெரியவந்ததும், 2011 அக்டோபரில் தயாரித்த நிறுவனமே அதை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது.

வைட்டமின் சி கதையும் அதே பாதைதான், வேகம் மட்டும் கூடுதல். 2017இல் அமெரிக்காவின் ஒரே மருத்துவமனையில், வைட்டமின் சியோடு தயமின் என்ற வைட்டமினும் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டும் பெற்ற 47 பேரை, அதற்கு முன்பு வந்து அவற்றைப் பெறாத 47 பேரோடு ஒப்பிட்டு, மரணம் 40.4 சதவீதத்திலிருந்து 8.5ஆக இறங்கியதாக எழுதினார்கள். குலுக்கல் இல்லை, முன்னும் பின்னும் பார்த்த ஒப்பீடு. வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றுவது அந்த எண்கள்தான். 2022இல் வந்த, 872 பேர் கொண்ட குலுக்கல் முறை ஆய்வு சுற்றுவதில்லை. அதில் வைட்டமின் சி பெற்றவர்களில் 44.5 சதவீதத்தினர் 28ஆம் நாளில் இறந்திருந்தார்கள் அல்லது உறுப்பு இயக்கத்துக்கு இன்னும் கருவியையும் மருந்தையும் நம்பியிருந்தார்கள். பெறாதவர்களில் அது 38.5 சதவீதம். அதாவது, பயனில்லை என்பதோடு நிற்கவில்லை, தீங்கு நேர்ந்திருக்கக்கூடும் என்றே அந்த முடிவு சொல்கிறது.

ஒரே மருந்து எல்லோருக்கும் பலிக்காததற்குக் காரணம் எனக்குத் தெரிந்தவரை இதுதான்: செப்சிஸ் என்ற பெயரின் கீழ் இருபது வயதுப் பெண்ணின் பிரசவக் காலத் தொற்றும், எழுபது வயது சர்க்கரை நோயாளியின் கால் அழுகலும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒருவருக்கு அழற்சி எல்லை மீறியிருக்கும். இன்னொருவருக்கு எதிர்ப்பாற்றல் படுத்துவிட்டிருக்கும். இருவருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துச் சராசரி எடுத்தால் விடை பூஜ்யமாகத்தான் வரும்.

கேள்வி: ‘கோர்ஸை முழுதாக முடிக்க வேண்டும்’ என்பார்கள். என் தாயாருக்கு ரத்தத்தில் ஈகோலி கிருமி இருந்தும் ஏழே நாளில் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டார்களே? (வாசகி, புதுச்சேரி)

பதில்: சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ரத்தத்தில் கிருமி இருந்த 3,608 பேரிடம் ஏழு நாள், பதினான்கு நாள் சிகிச்சைகளை ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வில், 90 நாளில் ஏழு நாள் பிரிவில் 14.5 சதவீதமும் பதினான்கு நாள் பிரிவில் 16.1 சதவீதமும் இறந்தனர். குறுகிய காலம் எவ்வகையிலும் தாழ்ந்ததில்லை என்று முடிவாயிற்று. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி, இதய வால்வுத் தொற்று போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு நீண்ட காலம் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊரில் காய்ச்சலோடு மூச்சுத்திணறி ஐ.சி.யு.வுக்குப் போன ஒருவருக்கு இடுப்பில் சிறு கருப்புப் புண் இருந்ததாம். அதைப் பார்த்த பிறகுதான் மருந்தை மாற்றினார்களாம். அது என்ன நோய்? (வாசகர், திருவண்ணாமலை)

பதில்: ஸ்க்ரப் டைபஸ். புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் ஒருவகைப் பூச்சியின் கண்ணுக்குத் தெரியாத இளம்புழு கடிப்பதால், ஒரியன்டியா சுசுகாமுஷி என்ற கிருமி உடலில் நுழைகிறது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, இடுப்பில் உடை இறுகும் இடம் என்று மறைவான பகுதிகளிலேயே ஒளிந்திருக்கும் என்பதால் நோயாளிக்கே தெரியாது. எல்லோருக்கும் அந்தப் பொருக்கு இருக்கும் என்றும் சொல்ல முடியாது. தென்னிந்தியாவில் மழைக்காலத்தை அடுத்த குளிர் மாதங்களில், நுரையீரலும் ஈரலும் சிறுநீரகமும் ஒருசேரப் பாதிக்கப்பட்டு ஐ.சி.யு.வுக்கு வருபவர்களிடம் நாங்கள் போர்வையை விலக்கித் தேடும் முதல் பொருள் அதுதான். காரணம் எளியது: செப்சிஸுக்கு வழக்கமாகத் தொடங்கும் பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகள் இந்தக் கிருமியைத் தொடவே தொடாது. எத்தனை விரைவாகக் கொடுத்தாலும் தவறான மருந்து தவறான மருந்துதான்.

இந்த நோய் பற்றிய முக்கியமான ஆய்வு நம் பக்கத்திலிருந்தே வந்தது என்பதைச் சற்று மகிழ்ச்சியோடு சொல்கிறேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில், இந்தியாவின் ஏழு மையங்களில், கடுமையான ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகள் 794 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2023இல் வெளியானது. நரம்பு வழியாக டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று பிரிவுகள். 28ஆம் நாளுக்குள் மரணம், ஏழாம் நாளிலும் நீடிக்கும் சிக்கல், ஐந்தாம் நாளிலும் விடாத காய்ச்சல் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள், டாக்சிசைக்ளின் பிரிவில் 47 சதவீதம், அசித்ரோமைசின் பிரிவில் 48 சதவீதம், இரண்டும் சேர்ந்த பிரிவில் 33 சதவீதம். மரணத்தை மட்டும் தனியாக எடுத்தால் தெளிவான வேறுபாடு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆயினும் கடுமையான நோயில் இரண்டையும் சேர்த்துத் தொடங்குவதற்கு இது போதிய சான்று. இரண்டுமே பழைய மருந்துகள் என்பது எனக்குக் கூடுதல் நிறைவு.

கேள்வி: ‘வென்டிலேட்டர் போட்டாலே முடிந்தது’ என்று எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: கடும் நோயாளிகளுக்குத்தான் வென்டிலேட்டர் வைக்கிறோம், ஆகவே வென்டிலேட்டரில் இருப்பவர்களில் அதிகம் பேர் இறக்கிறார்கள். நோயைக் கருவியின் மேல் ஏற்றிச் சொல்கிறோம். 1952இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் அன்றிருந்த மூச்சுக் கருவிகளில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்தனர். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தச் சொன்னார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் நோயாளிகளின் பக்கத்தில் அமர்ந்து பையை அமுக்கினார்கள். மரண விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடே அந்த அறைகளில்தான் பிறந்தது.

கருவியால் தீங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன். செப்சிஸில் விறைத்துப்போன நுரையீரலுக்குள் பெரிய மூச்சாகத் தள்ளினால் அது கிழியும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 பேரிடம் நடந்த ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் என்ற கணக்கில் மூச்சுத் தந்தவர்களில் 39.8 சதவீதமும், 6 மில்லிலிட்டர் தந்தவர்களில் 31 சதவீதமும் இறந்தனர். இதற்கான எடையைத் தராசில் பார்ப்பதில்லை, உயரத்திலிருந்து கணக்கிடுகிறோம். உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை. சேர்ந்த அன்று உங்கள் உறவினரின் தலை முதல் பாதம் வரை அளவு நாடா பிடித்துப் பார்த்தால் கலங்க வேண்டாம். அது இதற்காகத்தான்.

கேள்வி: பச்சிளங்குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுத்தால் செப்சிஸ் வராது என்று படித்தேன். மருந்துக் கடையில் வாங்கித் தரலாமா? (வாசகி, சேலம்)

பதில்: தாங்களாக வாங்கித் தர வேண்டாம். நீங்கள் படித்தது ஒடிசாவின் 149 கிராமங்களில் 4,556 குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வாக இருக்க வேண்டும். லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற, குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிரின் குறிப்பிட்ட ஒரு வகையை ஏழு நாள் கொடுத்ததில், செப்சிஸ் அல்லது மரணம் நேர்ந்த குழந்தைகள் 9 சதவீதத்திலிருந்து 5.4ஆகக் குறைந்தார்கள். அந்தக் குழந்தைகள் இரண்டு கிலோவுக்குக் குறையாத எடையுள்ளவர்கள், தாய்ப்பால் குடித்தவர்கள். கடையில் கிடைக்கும் பொடியில் இருப்பது அதே வகைதானா என்பது வேறு கேள்வி. எடை குறைந்த குறைமாதக் குழந்தைக்கு அந்த முடிவு பொருந்தாது.

உங்கள் கையில் உள்ளது வேறு: பால் குடிப்பதை நிறுத்துதல், உடல் சில்லிடுதல், முனகல், துவண்டு கிடத்தல் ஆகியவற்றைக் கண்டவுடன் அன்றே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங்கும் ராணி பங்கும் கிராமப் பெண்களுக்கு இந்த அறிகுறிகளைக் கண்டறியவும், மருத்துவமனைக்குப் போக முடியாத குழந்தைகளுக்கு ஊசி போடவும் பயிற்சி தந்தார்கள். மூன்றாம் ஆண்டில் அந்தக் கிராமங்களில் பச்சிளங்குழந்தை மரணம் ஒப்பீட்டுக் கிராமங்களைவிட 62 சதவீதம் குறைந்திருந்ததாக 1999இல் வெளியிட்டார்கள்.

கேள்வி: என் கணவர் செப்சிஸிலிருந்து பிழைத்து வீடு திரும்பி நான்கு மாதமாகிறது. வங்கிக் கணக்கு பார்க்கத் தடுமாறுகிறார். இரவில், தன்னைக் கட்டிப்போட்டு யாரோ கொல்ல வந்ததாகச் சொல்லி எழுகிறார். பிழைத்தவரை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவதா என்று மாமியார் கோபிக்கிறார். (வாசகி, திருச்சி)

பதில்: கூட்டிப்போங்கள், அம்மா. மாமியாருக்கு இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். கடுமையான செப்சிஸிலிருந்து மீண்ட முதியவர்களை அமெரிக்காவில் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், நினைவாற்றலிலும் சிந்தனையிலும் ஓரளவுக்கு மேல் குறைபாடு உள்ளவர்கள் 6.1 சதவீதத்திலிருந்து 16.7 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். தசை வலிமை குறைவதும், பயமும், தூக்கமின்மையும் இதனோடு சேர்ந்தே வரும். தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்த்தொகுதி என்று இதற்குத் தனிப்பெயரே உண்டு. உங்கள் கணவர் சொல்லும் காட்சி கற்பனையாக இருந்தாலும் ஆதாரமில்லாததன்று: மயக்க மருந்திலும் சித்தப் பிரமையிலும் இருந்தவருக்கு, குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்கக் கைகளில் கட்டிய துணியும், முகக்கவசத்தோடு குனிந்த முகங்களும் அப்படித்தான் பதிந்திருக்கும். நடந்ததை வரிசையாக, பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்: இந்த நாள் சேர்த்தோம், இந்த நாள் குழாய் வைத்தார்கள், இந்த நாள் நீங்கள் என் கையை அழுத்தினீர்கள் என்று.

ஐரோப்பாவில் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செவிலியர்களும் உறவினர்களும் நோயாளிக்காக ஒரு நாட்குறிப்பு எழுதிவைக்கிறார்கள். 2010இல் ஓர் ஆய்வு அதனால் பிந்தைய மன அதிர்ச்சி குறைவதாகச் சொன்னது. 2019இல் பிரான்சிலிருந்து வந்த பெரிய ஆய்வு குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. எண்களைக் கேட்டால் நான் இரண்டாவதைத்தான் நம்ப வேண்டும். ஆனாலும் வெளியே நாற்காலியில் காத்திருந்த நாட்களில் நீங்கள் கைப்பேசியில் எடுத்த படங்களும், மருந்துச் சீட்டுகளின் பின்புறம் குறித்துவைத்த நேரங்களும் இன்னும் இருந்தால், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தேதிவாரியாக ஒட்டி அவர் கையில் கொடுங்கள். பகலில் கொடுங்கள், இரவில் வேண்டாம்.